ஒரு கிண்ணம் சோறு, முக்கால் மணி நேரம்

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சோறு ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். இருமினால் நிறுத்தி, உடம்பு விறைத்தால் தளரும்வரை காத்திருந்து, விழுங்கிவிட்டானா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுத்தால் ஒரு மணி நேரமும் ஆகலாம். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. நடுவில் இரண்டு முறை பாலோ கஞ்சியோ. ஆக, ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரம் ஊட்டுவதற்கே போய்விடும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்துத் தறிக்கூடங்களில் ஒரு ஷிப்ட் என்பது பன்னிரண்டு மணி நேரம். இந்த இரண்டு கணக்கும் ஒரே பெண்ணின் ஒரே நாளுக்குள் வந்து விழுகின்றன. கூலியில்தான் வாடகை, கூலியில்தான் முன்பணக் கடன். அதனால் கூலி நேரத்தில் கை வைக்க முடியாது. சுருங்குவது ஊட்டும் நேரம். அது சுருங்கச் சுருங்க, பிள்ளையும் சுருங்குகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் கைகால் வராத பிள்ளைகள் எலும்பும் தோலுமாகப் போவதைப் பற்றிப் பேசும்போது வறுமை, அறியாமை என்ற இரண்டு சொற்களில் பேச்சை முடித்துவிடுகிறோம். வறுமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். அநேகமாக எந்த வீட்டிலும் அடுப்பில் சோறு இருக்கிறது. அதே பானைச் சோற்றைத் தின்று அக்கா பள்ளிக்கூடம் போகிறாள், தம்பி தெருவில் பந்து விளையாடுகிறான். நடுவில் பிறந்தவன் மட்டும் பாயில் கிடந்து மெலிகிறான். ஒரே பானை, ஒரே தாய், மூன்று பிள்ளைகள். வறுமையை மட்டும் காரணம் காட்டினால் இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கிடைக்காது.

கென்யாவின் வறண்ட துர்க்கானா வட்டாரத்தில் லண்டன் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் இதைத்தான் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். ஊனமுள்ள பிள்ளைகளை அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டதோடு நிற்காமல், அவர்களுடைய சொந்த உடன்பிறப்புகளோடும் ஒப்பிட்டார்கள். ஒரே கூரையின் கீழும் மெலிந்திருந்தது ஊனமுள்ள பிள்ளைதான். உலக அளவில் யுனிசெஃப் 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஊனத்தோடு வாழும் குழந்தைகள் ஏறத்தாழ 24 கோடிப் பேர் என்றது. மற்றக் குழந்தைகளைவிட இவர்கள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிப்போகும் வாய்ப்பு 34 சதவீதம் கூடுதல். உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்துபோகும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல். வங்கதேசத்தில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கென்றே 2015-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். அதில் பதிவானவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஊட்டச்சத்துக் குறைவோடு இருந்தார்கள்.

நம் மாநிலத்தில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் குன்றியவர்கள், 14.6 சதவீதம் பேர் மெலிந்தவர்கள். அந்த 25-க்குள், அந்த 14.6-க்குள் கைகால் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைப் பிரித்துக் காட்டும் அட்டவணை அறிக்கையில் இல்லை. அந்த ஆய்வில்தான் வீட்டில் ஊனமுற்றோர் இருக்கிறார்களா என்ற கேள்வியே சேர்ந்தது. அடுத்த சுற்றில் அந்தக் கேள்வியையும் எடுத்துவிட்டார்கள்.

முட்டையும் ஜவ்வரிசியும் விளையும் மண்

இந்தச் சமவெளியில் உணவுக்கு என்ன குறை? நாமக்கல் மண்டலத்துக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலையைத் தமிழ்நாடும் கேரளமும் தினமும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. 2010 முதல் பள்ளி நாளுக்கு ஒன்று என வாரம் ஐந்து முட்டை. மாநிலமெங்கும் போகும் அந்த முட்டையில் பெரும்பங்கு இந்தப் பண்ணைகளில் இட்டதுதான்.

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. மெலிந்த பிள்ளைக்கு இதைவிட மலிவாக, முழுமையாக ஒரு உணவு கிடைப்பது அரிது. ஆனால் அவித்த முட்டையை மெல்லத் தெரியாத வாய்க்குள் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கரு துண்டு துண்டாக வழுக்கிக்கொண்டு தொண்டைக்குப் போகும். மஞ்சள்கரு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை பிள்ளைக்கு மூச்சுத் திணறி முகம் நீலம் பாரித்துவிட்டால், அந்த வீட்டில் அதன்பிறகு அவனுக்கு முட்டை கிடையாது. “முட்டை குடுத்தாப் புரையேறுதுங்க” என்று தாய்மார் சொல்வதில் அலட்சியம் எதுவும் இல்லை. பிள்ளை கையிலேயே போய்விடுமோ என்று பயந்த அனுபவம் அது.

முட்டை போன இடத்துக்கு ஜவ்வரிசி வருகிறது. உலகப்போரால் கீழை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோன காலத்தில், 1943-இல், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் தொழிலைத் தொடங்கிவைத்தார். 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூரிலிருந்து ராசிபுரம் வரை எத்தனையோ குடும்பங்களுக்குக் கிழங்குதான் சோறு போடுகிறது. அந்தத் தொழிலின் மேல் எனக்குக் குறை இல்லை. காய்ச்சல்காரனுக்கும் வயிறு கெட்டவனுக்கும் இரண்டு நாளைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி நல்லதுதான். ஆனால் கைகால் வராத பிள்ளைக்கு அது இரண்டு நாள் உணவாக நிற்பதில்லை, இரண்டு வருட உணவாகிவிடுகிறது. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. ஒரு முட்டையில் உள்ள புரதத்தை ஜவ்வரிசியில் எடுக்க ஒரு கிலோவும் போதாது. கஞ்சியை நீர்க்கக் காய்ச்சும்போது ஒரு பெரிய டம்ளருக்குள் போவது இரண்டு கரண்டி ஜவ்வரிசி, மிச்சமெல்லாம் தண்ணீர். வயிறு நிறைந்துவிடும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது.

இன்னொரு தவறும் இதில் சேர்ந்திருக்கிறது. கெட்டியாக இருந்தால் தொண்டையில் சிக்கும், நீர்க்க இருந்தால் சுலபமாக இறங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். விழுங்கும் தசைகள் நேரத்துக்கு இயங்காத பிள்ளைக்கு நடப்பது நேர்மாறு. நீர்க்க இருப்பது நாக்கின் பிடியில் நிற்காமல் விரைந்தோடி, மூச்சுக்குழாய் மூடுவதற்குள் அதற்குள் இறங்கிவிடும். அந்த நீர் நுரையீரலில் தங்கி, அடிக்கடி சளி, நெஞ்சு இரைப்பு, கடைசியில் நிமோனியா. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பத்து நாள் சாப்பாடு குறையும், இருந்த எடையும் இறங்கும். சுலபமாக இறங்கட்டும் என்று அன்போடு கரைத்துக் கொடுக்கும் கஞ்சியே பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறது, மெலியவும் வைக்கிறது. இதை ஒரு தாய் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லை. யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும்.

தொண்டையில் தொடங்கும் பசி

பிறக்கும்போது மூச்சுத் திணறியவை, குறைமாதத்தில் பிறந்தவை, பிறந்த வாரத்தில் மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறியவை, மூளைக்காய்ச்சல் கண்டவை என்று இந்தக் குழந்தைகள் பலவகை. காரணம் எதுவானாலும், மூளையில் பட்ட அடி கைகாலை மட்டும் முடக்குவதில்லை. உதடு மூடுவது, நாக்கு உருட்டுவது, தாடை அசைவது, தொண்டை மூடித் திறப்பது ஆகியவையும் தசைகளின் வேலைதான். கை வராததைக் கண்ணால் பார்க்கிறோம். தொண்டை வராததை யாரும் பார்ப்பதில்லை.

அதோடு மற்றவையும் கூடுகின்றன. படுத்தே கிடப்பதால் மலச்சிக்கல். வயிறு கல்லாக இருக்கும்போது எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. வீட்டில் “அடம் புடிக்கறான்” என்பார்கள். சாப்பிட்டது எதுக்களித்து நெஞ்சு எரியும். சொல்லத் தெரியாத பிள்ளை தலையைத் திருப்பிக்கொள்ளும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் மாத்திரையால் சிலருக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடும், மென்றால் வலிக்கும். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே கிடப்பதும் சில வலிப்பு மாத்திரைகளும் சேர்ந்து வைட்டமின் டி-யைக் குறைக்கும். எலும்பு பலமிழந்து, துணி மாற்றும்போதே முறிவதும் உண்டு. இவற்றில் பாதிக்கு வைத்தியம் உண்டு. அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிற வைத்தியம். ஆனால் வலிப்புக்கு மாத்திரை வாங்கப் போகும் வரிசையில் “எத்தனை நாளைக்கு ஒருமுறை வெளிக்குப் போகிறான்?” என்று கேட்க ஆள் வேண்டும்.

பிறகு, பேசுவதற்குச் சங்கடமான ஒன்று. எட்டு வயது வரை இடுப்பில் தூக்கிக் கொண்டுபோன பிள்ளை பத்து வயதில் கனக்கிறது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும், பஸ் படி உயரமாக இருக்கும், தாய்க்கு முதுகு விட்டுப்போயிருக்கும். “எடை ஏறிட்டா யாரு தூக்கறது சாமி?” என்ற கேள்வி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால், பெரியவளாகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை வேறு. வேலைக்குப் போகும் தாய், துணி நனைந்து பிள்ளை ஈரத்திலேயே கிடக்குமே என்று பகலில் தண்ணீரைக் குறைத்துவிடுகிறாள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் கூடும், அதனால் சாப்பாடு இன்னும் குறையும். கென்யாவானாலும் கொங்கானாலும் இது நடக்கிறது. இதைக் கொடுமை என்று பெயரிட்டுத் தாயின் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. சக்கர நாற்காலியும் சாய்தளமும் வீட்டுக்குள் கழிப்பறையும் இருக்கும் வீட்டில் இந்தப் பயமே எழாது.

1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். பெண் சிசுவை வேண்டாமென்றவர்கள் அரசுத் தொட்டிலில் போடட்டும் என்று ஒரு அரசே சொல்ல நேர்ந்த ஊர் இது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை வீடு தீர்மானிக்கும் கணக்கில் பாலினமும் உடலும் எப்படி நுழைகின்றன என்று அறியாத மண் அல்ல. பெண்ணாகவும் நடக்காதவளாகவும் ஒருத்தி பிறந்தால் அவள் பங்கு எவ்வளவு என்று கேட்கும் கடமை மற்ற ஊர்களைவிட நமக்குக் கூடுதல்.

சதவீதம் உண்டு, எடை இல்லை

ஊனச் சான்றிதழில் சதவீதத்துக்குக் கட்டம் இருக்கிறது. 40-க்கு மேலா, 75-க்கு மேலா என்பதைப் பொறுத்து உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் அமைகின்றன. அதில் எடைக்குக் கட்டம் இல்லை. பால்வாடியில் எடைக்குக் கட்டம் இருக்கிறது. ஆனால் நிற்கத் தெரியாத பிள்ளையை அங்கே எப்படி நிறுத்துவது? இரண்டு வயதுக்கு மேல் உயரத்தை நிற்கவைத்துத்தான் அளப்பார்கள். முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து, இடுப்பு விறைத்த ஐந்து வயதுப் பிள்ளையைப் படுக்கவைத்தாலும் அளவுகோலோடு உடம்பு சேராது. “இவனுக்கு உயரம் போட முடியாதுங்க” என்று கட்டம் காலியாக விடப்படுகிறது. உயரம் இல்லாமல் மெலிவைக் கணக்கிட முடியாது. கணக்கிட முடியாததால் அந்தப் பிள்ளை மெலிந்தோர் பட்டியலில் ஏறுவதில்லை.

இது வெறும் ஏட்டுக் குறை என்று விட்டுவிட முடியாது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதன் இரண்டாம் அட்டவணை, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பால்வாடியில் நாளுக்கு 500 கலோரி என்றது. ஊட்டச்சத்துக் குறைவு உள்ளதென்று அடையாளம் காணப்பட்டால் 800 கலோரி என்றது. அப்படிக் கூடுதலாகக் கிடைக்கும் உணவுக்கு வாசல் எடைக் கருவிதான். 2022 மே 21-இல் ஊட்டியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதிசெய்’ திட்டமும் பிள்ளைகளை அளந்துதான் ஆரம்பித்தது. அதில் கடுமையாக மெலிந்தவர்களுக்குக் கொடுத்தது சத்துச் செறிந்த வேர்க்கடலைப் பசை. அருமையான மருந்துணவு அது. ஆனால் ஒட்டும் பசையை நாக்கால் உருட்ட முடியாத பிள்ளைக்குப் பாலிலோ வெந்நீரிலோ குழைத்துத் தர வேண்டும் என்று பாக்கெட்டோடு ஒருவர் சொல்லியனுப்ப வேண்டும்.

அளப்பது உண்மையில் கடினமில்லை. தாய் பிள்ளையை ஏந்திக்கொண்டு தராசில் ஏறி நிற்க வேண்டும். பிறகு அவள் மட்டும் ஏற வேண்டும். கழித்தால் பிள்ளையின் எடை. உயரத்துக்குப் பதில் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் இடைப்பட்ட நீளத்தை அளக்கலாம். அமெரிக்காவில் ஸ்டீவன்சன் என்ற மருத்துவர் 1995-இல் தந்த வாய்ப்பாடு ஒன்று உண்டு: அந்த நீளத்தை 2.69-ஆல் பெருக்கி 24.2-ஐக் கூட்டினால் உயரம் கிடைக்கும். முழங்கால் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால் உயரம் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். ஐந்து வயதுக்குள் என்றால் இன்னும் எளிது. மேல்கையின் நடுவில் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் போனால் ஆபத்து. அந்த மூவண்ண நாடா ஒரு பால்வாடி மேசை இழுப்பறையிலேயே அடங்கிவிடும்.

“இந்த மாதிரிப் புள்ளைங்க இப்படித்தான் இருக்கும்” என்ற பேச்சை வீட்டில் மட்டும் கேட்பதில்லை, மருத்துவமனைகளிலும் கேட்கிறோம். இந்தப் பேச்சு தவறு. கலிபோர்னியாவில் மூளை முடக்குவாதத்தோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரின் எடைக் கணக்கைத் தொகுத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்குள்ளேயே எடை மிகக் குறைந்திருந்தவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. நோயின் இயல்பால் மட்டும் மெலிவு வருவதில்லை. மெலிவு தனியாக வருகிறது, தனியாகக் கொல்லவும் செய்கிறது.

உணவு போகும் இடத்தில் பிள்ளை இல்லை

தமிழ்நாட்டைப்போல் பிள்ளைகளின் வயிற்றை நினைத்த மாநிலம் இந்தியாவில் குறைவு. 1982-இல் சத்துணவு விரிந்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் பரவியது. இவற்றின் மேல் எனக்குப் பெருமிதம் உண்டு. ஆனால் இத்தனையும் ஒரு கட்டடத்துக்குள் போய்ச் சேரும் உணவு. பிள்ளை அந்தக் கட்டடத்துக்கு வந்தாக வேண்டும்.

மூன்று வயது வரை சத்துமாவு பாக்கெட்டாக வீட்டுக்கு வரும். மூன்று நிரம்பியதும் பால்வாடிக்கு வந்து சாப்பிட வேண்டும். நடக்காத பிள்ளைக்கு முதல் இடைவெளி அங்கே விழுகிறது. மனமுள்ள டீச்சர் அக்கா கையில் முட்டையைக் கொடுத்தனுப்புவார், இல்லையென்றால் இல்லை. ஆறு வயதில் இரண்டாவது இடைவெளி. மதிய உணவைப் பள்ளிகளில் தர வேண்டும் என்றுதான் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீட்டுவழிக் கல்வி இருக்கிறது. சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். பாடம் வீடு தேடி வருகிறது. சட்டம் எழுதப்பட்டிருக்கிறபடி, முட்டை வீடு தேடி வர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் கதையும் முழுதாக நன்றாக இல்லை. கை நடுங்கும் பிள்ளைக்கு அறுபது எழுபது பேர் தட்டேந்தும் வரிசையில் ஊட்டிவிட யார் உண்டு? மதியம் தாய் வந்து ஊட்டிவிட்டு, கழிப்பறைக்குத் தூக்கிப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். தாய் வராத நாளில் பிள்ளை தண்ணீரே குடிக்காமல் மாலை வரை உட்கார்ந்திருக்கும்.

இத்தனைக்கும் நமக்கு வீடு தேடிப் போகத் தெரியாதது இல்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். ரத்தக்கொதிப்பு மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் வாசலுக்கு வருகின்றன. உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, ‘விழுதுகள்’ என்ற சேவை மையங்களைத் திறக்கிறார்கள். 2023 நவம்பரில் ஒன்றிய அரசு, ஊனமுள்ள குழந்தைகளை அங்கன்வாடியில் கண்டறிந்து சேர்ப்பதற்கென்றே ஒரு நெறிமுறையை வெளியிட்டது. ஆக ஆளும் இருக்கிறார்கள், பாதையும் இருக்கிறது. அந்தப் பாதையில் போகிறவர்களின் பையில் எடைக் கருவியும் சத்துமாவும் இன்னும் சேரவில்லை.

ஊட்டுவது ஒரு கைத்தொழில்

நம் பக்கத்தில் கைக்குழந்தைக்குக் காலை நீட்டி, அதன்மேல் மல்லாக்கப் படுக்கவைத்துச் சங்கிலோ பாலாடையிலோ ஊற்றுவது வழக்கம். கைகால் வராத பிள்ளைக்கு ஏழு எட்டு வயதிலும் அதே முறைதான் தொடர்கிறது. மல்லாந்து, தலை பின்னால் சாய்ந்த நிலையில் மூச்சுக்குழாய் வாசல் திறந்து கிடக்கும். புரையேறுவதற்கு இதைவிட வசதியான நிலை கிடையாது.

நிமிர்த்தி உட்காரவைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டி, முழங்கால் மடங்கி, பாதம் எதன்மேலாவது ஊன்றி, தலை நடுவில், தாடை லேசாகக் கீழ்நோக்கி. விலையுயர்ந்த நாற்காலி வேண்டியதில்லை. சுவர் மூலையே இரண்டு பக்கமும் தாங்கும். பழைய துண்டையும் லுங்கியையும் சுருட்டி இடுப்புக்கு அண்டை கொடுக்கலாம். தறி ஓடும் ஊரில் துணிக்கா பஞ்சம்? ஊட்டுகிறவர் நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டக் கூடாது. எதிரில், பிள்ளையின் கண் மட்டத்துக்குத் தாழ உட்கார வேண்டும். சின்ன, குழி இல்லாத ஸ்பூன். நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்திவிட்டு எடுக்க வேண்டும், மேல்பல்லில் வழித்துவிடக் கூடாது. பிறகு காத்திருக்க வேண்டும். ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கும் பிள்ளைகள் உண்டு. முடித்த பிறகும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

எதை ஊட்டுவது? நம் சமையலிலேயே பதில் இருக்கிறது. அரிசியும்பருப்புச் சாதத்தைக் குழைய வேகவைத்து, நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு, கரண்டியைச் சரித்தால் வழியாமல் மெல்லச் சரியும் பக்குவத்துக்கு மசித்தால் போதும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி. பிள்ளை விழுங்கும் வாய்களின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாதபோது ஒவ்வொரு வாயின் கனத்தையும் இப்படித்தான் கூட்ட வேண்டும். முட்டையை அவித்துத் துண்டாக்கிக் கொடுப்பதற்குப் பதிலாக, நன்றாக அடித்து, கொதிக்கும் பருப்பிலோ கெட்டிக் கஞ்சியிலோ ஊற்றிக் கிளறி வேகவிட்டால் திப்பியில்லாமல் கலந்துவிடும். வறுத்த நிலக்கடலையை நைசாகப் பொடித்து ராகிக் கூழில் சேர்க்கலாம். களி உருண்டை வேண்டாம், ஒட்டும், சறுக்கும். அதே ராகியில் கெட்டிக் கூழ் நல்லது. வாழைப்பழம், தயிர், மசித்த பூசணி எதுவும் விலக்கில்லை. இத்தனைக்கும் பிறகும் ஒவ்வொரு வாய்க்கும் இருமுகிற, மாதாமாதம் நிமோனியா வருகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு மருத்துவர் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் போடச் சொன்னால் அதைத் தோல்வியாக எண்ணக் கூடாது.

டாக்காவில் ஏழைத் தாய்மாருக்கு இந்தக் கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது. நான்கைந்து அமர்வுகளிலேயே மூச்சுக் கோளாறு குறைந்தது, பிள்ளைகள் சாப்பாட்டு வேளையில் அழுவது குறைந்தது, தாய்மாரின் மன அழுத்தமும் குறைந்தது. ஆனால் எடைப் பிரச்சினை அதனால் மட்டும் தீர்ந்துவிடவில்லை. கற்றுக்கொடுப்பது ஒரு பாதி, தட்டில் போட உணவும் ஊட்ட நேரமும் இன்னொரு பாதி. விழிப்புணர்வு முகாம் நடத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் வீட்டுக்கே போய்த் தாயோடு உட்கார்ந்து கற்றுத்தரும் முறைக்குத் தென்காசி அருகே ஆய்க்குடியில் முன்மாதிரி இருக்கிறது. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கத்தை இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கத்தின் களப்பணியாளர்கள் வளர்ச்சி தாமதப்பட்ட சிறுபிள்ளைகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். தாய்க்குக் கற்றுத்தருவதையே சிகிச்சையின் நடுவில் வைக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கண்டதை ஒரு செயலியில் பதிந்துகொண்டு, தூரத்திலிருக்கும் நிபுணரோடு கலந்துகொள்கிறார்கள். திருச்செங்கோட்டுக்கும் எடப்பாடிக்கும் அது எட்டாத ஏற்பாடு அல்ல.

நேரத்துக்கு என்ன கூலி

75 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். நாளுக்கு 66 ரூபாய். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். பிள்ளையோடு வீட்டில் இருக்கத் தீர்மானிக்கும் தாய் ஒவ்வொரு நாளும் இந்த வித்தியாசத்தைத் தன் கையிலிருந்து கட்டுகிறாள். கேரளம் 2010-இல் ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கென்று தனியாக ஒரு தொகையை ஏற்படுத்தியது. மாதம் 600 ரூபாய்தான், அற்பத் தொகை. ஆனாலும் பார்த்துக்கொள்வது ஒரு வேலை என்று அரசு ஏட்டில் அது எழுதிவைத்தது. பராமரிப்புத் தொகை பிள்ளையின் செலவுக்கு, தாயின் நேரத்துக்குக் கூலி தனி என்று இரண்டையும் பிரித்துத் தரும் நாளில்தான் அந்த முக்கால் மணி நேரம் கிடைக்கும். இதைவிடக் குறைந்த வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, போதுமான வாழ்க்கைத் தரத்துக்கான திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் உதவி, மற்றவர்களுக்கான அதுபோன்ற திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. ஓய்வூதியத்துக்கும் உதவித்தொகைக்கும் இந்தப் பிரிவை மேற்கோள் காட்டுகிறார்கள். சத்துமாவுக்கும் முட்டைக்கும் ஏன் காட்டக் கூடாது? வாரம் மூன்று முட்டை பெறும் பால்வாடி வயதில், இந்தப் பிள்ளைக்கு நான்காவது முட்டையைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

திங்கள்கிழமைதோறும் சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு நாற்காலிக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதிக்கொண்டு வரும் தாய்மாரை அங்கே எந்த வாரமும் பார்க்கலாம். அந்த மனுக்களில் இனி மூன்று கோரிக்கைகளைக் கூடுதலாக எழுதலாம். வீட்டுவழிக் கல்வியில் பெயர் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சத்துணவு முட்டையும் உலர் பொருளும் வீட்டிலேயே தரப்பட வேண்டும். 24-ஆம் பிரிவின்படி அதன் அளவு கால் பங்கு கூட்டப்பட வேண்டும். சிறப்பாசிரியரோ மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரோ மாதம் ஒருமுறை பிள்ளையின் எடையையும் முழங்கால் நீளத்தையும் பதிய வேண்டும். மனு எழுதித் தருபவர்கள், தொண்டு அமைப்புகள், ஊராட்சி உறுப்பினர்கள் யாரானாலும் அதோடு ஒரு சீட்டையும் இணைக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பால்வாடித் தராசில், தாயோடு ஏற்றிக் கழித்து எடுத்த மூன்று மாத எடை அதில் இருக்கட்டும். எண் இருந்தால், பதில் எழுதும் அலுவலரும் எண்ணைக் கொண்டுதான் பதில் சொல்லியாக வேண்டும்.